இரண்டு காஸ்கெற் போட்ட கார்

யாழ்ப்பாணத்தில் பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மண்ணெண்ணெய்க் கதை வராமல் முடியாது. 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கி, பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் தடை விழுந்தது. அதன்பிறகு காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். கலியாண வீட்டுப் பந்தலிலும் கனடாவிலிருந்து வந்து நிற்பவர்களின் முற்றத்திலும் இந்தக் கதையை இன்னும் சொல்கிறார்கள். சொல்லும்போது குரல் தானாக உயரும்.

எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அந்தக் கார்களை இன்றைக்கும் தெருவில் வைத்திருப்பவர்கள் கராஜ்காரர்கள். அவர்களிடம் இதை எடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

“எஞ்சினைச் சாக்காட்ட அதைவிட நல்ல வழி இல்லை, தம்பி” என்றார் கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை. கே.கே.எஸ். வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால் அவருடைய தகரக் கொட்டில். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நிற்கும் கார்களே போதும். நான் போனபோது ஓர் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற், பொனற் இல்லாத கேம்பிரிட்ஜ் ஒன்று, அவற்றுக்குப் பின்னால் நான் கட்டி இழுப்பித்துக்கொண்டு வந்த மொறிஸ் மைனர்.

சோமர்செற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 1952 தொடங்கி 1954 வரை இரண்டு ஆண்டுகள்தான் பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை அதைச் செய்தது. 1200 சிசி எஞ்சின், ஸ்ரேறிங் தண்டோடு ஒட்டிய கியர் தடி, உப்பிய மட்கார்ட். கொட்டிலில் நின்ற வண்டியின் இலக்கத் தகட்டில் இன்னும் ஆங்கில எழுத்துகள்தான். 1957 இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இலக்கத் தகடுகளுக்கு வந்து, அதன்மேல் தார் பூசிய போராட்டம் நடப்பதற்கு முன்னமே பதிவான கார் அது. என்னுடையது 1958 ஆம் ஆண்டு மைனர், ஆகவே ‘ஸ்ரீ’ உள்ள தகடு. பெரியப்பா ஆசிரியராக இருந்தபோது வாங்கியது. அந்த நாளில் டாக்டர்மார், வாத்திமார், கச்சேரி உத்தியோகத்தர், சுருட்டு வியாபாரிகள் எல்லாருடைய கனவும் இந்த இரண்டு மூன்று மொடல்களுக்குள் அடங்கியது.

என் காருக்கு வந்த வியாதி எளிதில் பிடிபடாத வகை. காலையில் முதல் திருப்பிலேயே ஸ்ராட் ஆகும். சுன்னாகத்திலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் எட்டுவதற்குள் சூடேறி இருமும், பிறகு நின்றுவிடும். அரை மணித்தியாலம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும். பெற்றோல் ஆவியாகிறது என்றார் ஒருவர், பம்ப் பழுது என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு பாகத்தை மாற்றினார்கள்.

அண்ணை எதையும் மாற்றவில்லை. முதலில் ஓயில் பார்க்கும் கம்பியை இழுத்து மூக்கருகே கொண்டுபோனார். “மணத்திப் பாக்கவேணும். பெற்றோல் மணத்தால் ஒரு கதை, மண்ணெண்ணெய் மணத்தால் வேறை கதை.” இப்போது யாரும் மண்ணெண்ணெய் ஊற்றுவதில்லையே என்றேன். கை பழகிவிட்டது என்றார். பிறகு சாவியைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுத்தார். மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. பொனற்றுக்குள் டிக் டிக்கென்று நாலைந்து தரம் அடித்து அடங்கினால் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அடங்காமல் ஓயாது அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது தாங்கி காலி. சத்தமே இல்லையென்றால் பொயின்ற் ஒட்டிவிட்டது, தட்டினால் எழும்பும். என்னுடையது அடித்து அடங்கியது. காபரேற்றரின் பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டார். ‘டொக்’ என்று சுத்தமாக விழுந்தது. “சாப்பாட்டிலை பிழையில்லை. நெருப்பிலைதான்.”

அடுத்ததை நான் முன்பு கண்டதில்லை. மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துச் சீவினார். எஞ்சின் ஓடும்போதே ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, காய்ந்த துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வயர் நுனிக்கும் பிளக்குக்கும் நடுவே பென்சில் கூரை நீட்டினார். கொட்டிலின் இருட்டுப் பக்கமாக என்னைக் குனியச் சொன்னார். பொறி பாய்ந்தது. பென்சிலின் ஒரு பக்கத்தில் மெல்லிய நீலக் கோடு, மறுபக்கத்தில் செம்மஞ்சளாக ஒரு சின்னச் சுவாலை. “சுவாலை பிளக் பக்கம் வரவேணும். இது வயர்ப் பக்கம் நிக்குது, பாத்தீரோ? உம்மடை கொயில் தலைகீழாப் பூட்டியிருக்கு.”

காரணத்தை அவரே சொன்னார். மைனர் போன்ற அந்தக் கால பிரித்தானியக் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். 2002 இல் ஏ-9 வீதி திறந்து கொழும்புச் சாமான்கள் வரத் தொடங்கியதும், எல்லாரும் கசெற் றேடியோ பூட்டினார்கள். அந்த றேடியோவுக்கு எதிர்முனைதான் உடம்போடு இருக்கவேண்டும். ஆகவே பற்றறியைத் திருப்பி வைத்தார்கள். கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் மாற்றவேண்டும் என்று பூட்டியவருக்குத் தோன்றவில்லை. பொறி உற்பத்தியாகும், ஆனால் மெலிந்த பொறி. குளிரில் சமாளிக்கும், கொயில் சூடானதும் கைவிடும். இரண்டு வயரையும் இடம் மாற்ற ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

நான் காசு கொடுத்துக் கிளம்பியிருப்பேன். அவர் விடவில்லை. கொயில் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பது அவருக்கு இன்னும் விடை இல்லாத கேள்வி. றேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே ரோர்ச் அடித்தார். குழாய் வாய்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் படும் பாட்டை எல்லாரும் அறிவோம். அதே தண்ணீரை அறுபது வருடம் றேடியேற்றருக்குள் ஊற்றினால் வேறென்ன நடக்கும்? “மழைத்தண்ணி பிடிச்சு வைச்சு விடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.”

பிறகு நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்தார். நாலும் குறைவு, நாலும் ஒரே அளவு. இந்த இடத்தில்தான் அவருடைய தொழில் எனக்குப் பிடிபட்டது. பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கும், எஞ்சின் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் தலையாட்டினார். “தேய்ஞ்சதெண்டால் ஒண்டு கூட, ஒண்டு குறையக் காட்டும். நாலும் ஒரே மாதிரி எண்டால் இது ஆரோ வேணுமெண்டு செய்தது.” ரோர்ச்சை எஞ்சின் தலையும் கட்டையும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்தார். ஒரு காஸ்கெற்றின் விளிம்பு தெரியவேண்டிய இடத்தில் இரண்டு விளிம்பு தெரிந்தது.

இரண்டு காஸ்கெற் ஏன்? மண்ணெண்ணெய்க்காக. அழுத்தம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் பொறிக்குக் காத்திருக்காமல் தானே பற்றி, உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் போடும். சோமர்செற்றின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7.2தான், அது ஒருமாதிரித் தாங்கியது. மைனரின் 948 சிசி எஞ்சினில் 8.3 வரை இருக்கும். ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு காஸ்கெற் வைத்தால் எரியறை உயர்ந்து அழுத்தம் இறங்கும். இங்கிலாந்தில் 1940களின் கடைசியில் வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதற்கென்றே குறைந்த அழுத்தத்தோடு, எரிபொருளைச் சூடாக்கும் ஏற்பாட்டோடு தயாரிக்கப்பட்டது. அதையும் பெற்றோலில் எழுப்பித்தான் மாற்றுவார்கள். கொவென்றியில் வரைபடம் கீறிச் செய்ததை இங்கே பதுங்குகுழிக்குப் பக்கத்தில் இருந்து செய்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு அந்தப் பெருமிதம் நியாயமாகத்தான் பட்டது.

அண்ணைக்குப் படவில்லை. மண்ணெண்ணெய் சுலபத்தில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர்ச் சுவரின் ஓயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஓட ஓடக் குறையவேண்டிய ஓயில் கம்பியில் ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவன் சந்தோஷப்படுவான். அந்த நீர்த்துப்போன ஓயிலில்தான் பெயாரிங்குகள் சுழன்றன. வால்வுகளில் கரி. “எத்தினை எஞ்சின் எங்கடை கையாலை போச்சு எண்டு எங்களுக்குத்தான் தெரியும். வேறை வழியில்லாமல் செய்தது. ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்தவேணும், வேறை என்ன செய்யிறது?” கொஞ்ச நேரம் கழித்து, காஸ்கெற் விளிம்பை நகத்தால் சுரண்டியபடி, “இது நான் போட்டதாயும் இருக்கலாம். அப்ப நான் கராஜிலை பெடியன்” என்றார்.

ஜப்பான் கார்கள் கட்டையில் ஏறி நின்ற காலத்தில் இந்தக் கிழட்டு ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் ஓடிக்கொண்டிருந்ததற்கு அன்பு காரணமில்லை. குறைந்த அழுத்தம், தடித்த இரும்பு, கடைச்சல் பட்டறையில் செய்யக்கூடிய பாகங்கள், இவ்வளவுதான். அதே ஆண்டுகளில் காலியில் ஒரு பட்டறை மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளைப் புதிதாக அடித்து, இங்கிலாந்தின் பாத் நகரில் அப்போது இருந்த மைனர் நிலையத்துக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே தீவு. தெற்கிலிருந்து மைனரின் மட்கார்ட் இங்கிலாந்துக்குப் போனது. ஆனையிறவைத் தாண்டி ஒரு பிளக் இங்கே வர முடியவில்லை.

கடைச்சல் பட்டறை கராஜிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இன்னொரு அண்ணை கேம்பிரிட்ஜின் பிரேக் சிலிண்டர் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார். உப்புக்காற்றில் உட்சுவர் அரித்துப் பள்ளம் விழுந்தால் றப்பர் எவ்வளவு புதிதானாலும் எண்ணெய் கசியும். அவர் சுவரைப் பெருப்பித்து, மெல்லிய பித்தளைக் குழாயொன்றைக் கடைந்து உள்ளே இறுக்கமாகச் செருகி, மறுபடி பழைய அளவுக்குக் குடைகிறார். பித்தளை துருப்பிடிக்காது. புதிதாக வாங்கும் இரும்புச் சிலிண்டரைவிட இதுதான் எங்கள் ஊருக்கு நல்லது என்பது என் எண்ணம். அவரும் மறுக்கவில்லை. ஆனால் வேலை பழக ஒரு பையன்கூட வருவதில்லை. வருகிறவனும் மோட்டார்சைக்கிளுக்குப் போய்விடுகிறான். கேம்பிரிட்ஜுக்கு இந்தியாவிலிருந்து அம்பாஸிடர் சாமான் ஏதும் பொருந்துமா என்று கேட்டேன். இரண்டும் ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால் பொருந்தும் சாமான் நிறைய இருந்ததாம். அம்பாஸிடர் 2014 இல் நின்றுபோனபின் அந்தக் கதவும் மெல்ல மூடுகிறது.

என் மச்சான் இலண்டனில் 1960களின் எம்.ஜி. மிட்ஜெற் ஒன்று வைத்திருக்கிறான். கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பான். மைனரின் எஞ்சினும் அதன் எஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1958 இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என் காரின் அதே 948 சிசி எஞ்சினுக்கு இரண்டு காபரேற்றர் வைத்து 37 குதிரைவலுவை 43 ஆக்கியதுதான். அந்த இரண்டு காபரேற்றர்தான் மச்சானின் தலையிடி. கராஜிலிருந்தே அவனுக்குக் கோல் எடுத்தேன். அண்ணை போனை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு ஒரு துண்டு றப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மற்ற நுனியை ஒவ்வொரு காபரேற்றர் வாயிலும் பிடிக்கச் சொன்னார். “இரண்டிலையும் ஒரே மாதிரி ‘ஸ்ஸ்’ எண்டு கேக்கவேணும். கேக்குதோ?” அங்கே ஒரு மெசின் வாங்கி வைத்திருக்கிறானாம். “அதை வித்துப்போட்டுக் குழாயைப் பிடியும்” என்றார்.

தலை கழற்றி, ஒற்றைக் காஸ்கெற் வைத்து, றேடியேற்றரை ஆள் வைத்துக் கழுவி, கார் கைக்கு வந்தபின் பருத்தித்துறைக்கு விட்டேன். மைனரை ஓட்டும் சுகம் வேகத்தில் இல்லை. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த ஸ்ரேறிங் அது, விரல் நுனியில் தெரு தெரியும். அச்சுவேலி தாண்டி வல்லை வெளியில் இறங்கினால் இருபுறமும் தண்ணீரும் பற்றையும். பக்கவாட்டுக் காற்று காரைத் தள்ளும். அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டு போவதே ஒரு விளையாட்டு. முன்பு மூன்றாம் கியருக்கு இறங்கிய இடங்களில் இப்போது நாலிலேயே இழுத்தது. அக்சிலேற்றரை விட்டதும் புகைக்குழாயில் ‘புர்ர்’ என்று ஓர் ஒலி வரும். மைனர்க்காரர் உலகம் முழுவதும் அந்த ஒலிக்கு அடிமை. நெல்லியடிச் சந்தியில் வளைவு காட்ட, கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று எழும்பியது. பள்ளிக்கூடப் பெடியள் நின்று பார்த்தார்கள். பின்னால் வந்த ஓட்டோக்காரருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. ஹோர்ன் அடித்துத் தள்ளிவிட்டார்.

2022 இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்து, கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானபோது, இந்தப் பக்கத்தில் பலர் பழைய வித்தையை நினைத்தார்கள். அண்ணையிடமும் சிலர் வந்து கேட்டிருக்கிறார்கள். அந்த ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அவர் வாதாட வேண்டியிருக்கவில்லை.

காரைத் திருப்பிக் கொடுத்த நாளில், கடைசி வேலை இன்னும் மிச்சம் என்றார். புது காஸ்கெற் சூட்டில் அமர்ந்து கொடுக்கும். 500 மைல் ஓடியபின் தலையை மறுபடி இறுக்கவேண்டும். மைல் காட்டும் மீற்றர் எப்போதோ நின்றுவிட்டதே என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“சுன்னாகத்திலையிருந்து யாழ்ப்பாணம் ஆறு மைல். நாப்பத்திரண்டு தரம் போய் வாரும், காணும். கலண்டரிலை கீறி வையும்.”