செத்த கிருமியும் கிலுகிலுப்பையும்

அடியே கோமதி,

உன் நாத்தனாரின் மருந்துச் சீட்டைப் பார்த்துக் கடைப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தானாமே! சில்டெனாபில் என்றால் அவனுக்கு வயாகரா மட்டும்தான் ஞாபகம் வரும். நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தத்துக்கும் அதை 2005லேயே அமெரிக்காவில் அனுமதித்துவிட்டார்கள் என்று அவன் காதைத் திருகிச் சொல்.

இப்போது புது வம்பு கேள். செத்த பாக்டீரியாவைக் கொடுத்து இந்த நோயை விலங்குகளில் அடக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். அதற்கு முதலில் நல்ல எலிக்கு நோய் வரவேண்டுமே? நாம் காய்ந்த காயைப் பறித்துக் காதோரம் ஆட்டுவோமே கிலுகிலுப்பை, அந்த இனச் செடியின் மோனோகுரோட்டலின் நஞ்சை ஒரே ஓர் ஊசியாகப் போடுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் ரத்தக் குழாய்ச் சுவர் தடித்து, இதயத்தின் வலப்பக்கம் பருத்து, பாவம், எலி சுருண்டுவிடும். நாம் அந்தக் காயை வைத்துக்கொண்டு குதித்ததை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது!

கிருமியைக் கொன்றே கொடுப்பதால் அது பெருகாது; ஆனாலும் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை அடையாளம் கண்டு சுறுசுறுப்பாகிவிடும். இந்த நோயில் குழாயைச் சுற்றி அழற்சிச் செல்கள் மொய்க்கின்றன. அவற்றை அதட்டி அடக்குகிற ஒரு வகை டி செல்களை முன்கூட்டியே ஏற்றியபோது எலிகளுக்கு நோய் அண்டவில்லை. செத்த கிருமியும் அந்த அதட்டலைத் தூண்டிவிடாதா என்பதுதான் நப்பாசை.

செத்த கிருமியைக் கொடுக்கிற யோசனை ஒன்றும் புதிதல்ல. நியூயார்க்கில் வில்லியம் கோலி 1890களிலேயே புற்றுக்கட்டிக்கு இதைச் செய்தார். நம் நாட்டில் ஜி. பி. தல்வார் தொழுநோய்க்குச் செய்தார். அவருடைய கிருமிக்கு ‘இண்டிகஸ் பிரானி’ என்று பெயர். பிரான் என்பது அவர் பெயரேதான்! உன் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கவே மூன்று மாதம் சண்டை.

ஆனால் எலி பிழைப்பதை வைத்து ஏமாறக்கூடாதடி. கொழுப்பைக் குறைக்கிற சிம்வாஸ்டாட்டின் மாத்திரை, இந்த நோய் வந்த எலிகளை அழகாகத் தேற்றியது. மனிதர்களிடம் வந்ததும் கைவிரித்துவிட்டது. எனக்கென்னவோ எலியை எழுப்புவது சுலபமாகிவிட்டது என்றே தோன்றுகிறது.

அதனால் நாத்தனாரிடம் இந்தக் கதையை மூச்சு விடாதே. அவள் மாத்திரையை நிறுத்திவிட்டு செத்த கிருமி மருந்துக்குக் காத்திருக்கிற ரகம். பொங்கலுக்கு வரும்போது நார்த்தங்காய் ஊறுகாயை மறந்தால் உன்னோடு பேச மாட்டேன்.

உன்,
விசாலம்