எங்கள் காரில் ஒரு பூட்டு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

ஆட்டோமேட்டிக் கார் என்றாலே அது பணக்காரர் வீட்டு வண்டி என்று நம் வகுப்புத் தோழியர் பலர் எண்ணுகின்றனர். எட்டயபுரத்தில் என் தந்தையாரிடம் இருப்பது 2004ஆம் ஆண்டில் செய்த, வர்ணம் வெளிறிய பழைய கார். அவர் அதைத் தேடி வாங்கியதற்குக் காரணம் அவரது இடது முழங்கால். பல ஆண்டுகளுக்கு முன், வேலை பார்த்த இடத்தில் மூட்டை சரிந்து விழுந்ததில் அது மடங்காமற் போயிற்று. கிளட்சை மிதிக்க அவரால் இயலாது. விளாத்திகுளம், நாகலாபுரம், புதூர் என்று ஊர் ஊராகச் சென்று மிளகாய் வத்தல் வாங்கி விற்பவருக்கு அந்த வண்டி நின்றுவிட்டால் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

சென்ற சித்திரையில் வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடிக்கத் தொடங்கியது. சிவப்பாக இருக்க வேண்டிய கியர்பாக்ஸ் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. கோவில்பட்டியில் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினோம். "அண்ணாச்சி, கியர் எல்லாம் ஒழுங்காத்தான் விழுது. லாக்-அப் மட்டும் விழ மாட்டேங்குது. இப்படியே ஓட்டினா ஆயில் வெந்து பெட்டியே போயிரும்" என்றார். பெட்டி போனால் அதைப் புதுப்பிக்கும் செலவுக்கு வேறொரு பழைய காரே வாங்கிவிடலாமாம். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

லாக்-அப் என்றால் என்ன என்று அவரையே கேட்டேன். ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே நிறுத்தி வைத்த இன்னொரு விசிறியை வையுங்கள். காற்று பட்டு அதுவும் மெல்லச் சுழலும் அல்லவா? டார்க் கன்வெர்ட்டரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒரு சக்கரத்தை இன்ஜின் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்னும் மூன்றாவது சக்கரம் எண்ணெயைத் திருப்பிவிடுவதால், புறப்படும் வேளையில் இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. கிளட்ச் இல்லாமலே வண்டி பூப்போல நகர்வது இதனால்தான். ஆனால் வேகம் பிடித்த பிறகும் இரண்டாவது சக்கரம் முதலாவதை விடச் சற்றுப் பின்தங்கியே சுழலும். அந்த வழுக்கலில் வீணாகும் சக்தி வெப்பமாகிறது. ஆகவே ஓர் உராய்வுத் தகட்டை அழுத்தி இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறார்கள். அதுவே லாக்-அப். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பூட்டு'.

எண்ணெய் வழியாகச் சக்தியை மாற்றும் இந்த யுக்தியைக் கண்டவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியர். 1905இல் அவர் காப்புரிமை பெற்றது காருக்காக அன்று, கப்பலுக்காக! அதற்கு அடுத்த ஆண்டுதான் நம் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் (இரண்டுக்கும் தொடர்பில்லை, எனக்கு நினைவு வந்தது, எழுதிவிட்டேன்). அமெரிக்காவில் பாக்கார்ட் நிறுவனம் 1949இலேயே கன்வெர்ட்டரில் பூட்டு வைத்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே மற்றவர்களுக்கும் அதன் அருமை தெரிந்தது. நம் நாட்டில் எம். எம். சூரி என்ற ரயில்வே பொறியாளர், எண்ணெய் வழி இழுவையையும் நேரடி இயந்திரப் பிணைப்பையும் சேர்த்து ரயில் இன்ஜின்களுக்கு ஒரு முறையை வகுத்து, 1962இல் பட்நாகர் பரிசு பெற்றார். அது 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்று அவர் பெயராலேயே வழங்கிற்று. நம் பாடநூலில் இவரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கலாம் என்பது என் ஆசை.

எங்கள் காருக்கு வருவோம். பூட்டைப் போடுவது சோலனாய்டு என்னும் சிறிய மின்காந்த வால்வு. மெக்கானிக் அண்ணன் அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது. வால்வுக்கு உயிர் இருக்கிறது. கட்டளையிடும் மின்னணுப் பெட்டியிலிருந்து அந்த ஒரு கம்பிக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை. மாற்றுப் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. எனவே அந்தக் கம்பியைப் பிரித்து, ஃபியூஸ் வைத்து, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சுவிட்சும் சிவப்பு விளக்கும் பொருத்தினார். பழைய எண்ணெயை வடித்துப் புதியதும் ஊற்றினார். இனிக் கணினி செய்த வேலையை மனிதர் செய்ய வேண்டும்.

கணினி என்னென்ன பார்த்தது தெரியுமா? இன்ஜின் சூடேறிவிட்டதா, மேல் கியர் விழுந்ததா, வேகம் போதுமா, ஆக்ஸிலரேட்டர் ஒரே சீராக இருக்கிறதா, பிரேக்கில் கால் இருக்கிறதா என்று இத்தனையையும் கணந்தோறும் பார்த்தது. இதில் கடைசியானதை நாங்கள் நேரில் அறிந்தோம். விளாத்திகுளம் சாலையில் திடீரென ஓர் ஆட்டுக்கிடை குறுக்கிட்டது. அப்பா பிரேக்கை மிதித்தார். பூட்டோ போட்டபடியே இருந்தது. கிளட்சை மிதிக்காமல் கியரில் நிறுத்திய வண்டி என்ன ஆகும்? குலுங்கி, இன்ஜின் அணைந்தது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. நல்லவேளை, பிரேக் பூஸ்டரில் மிச்சமிருந்த பலத்தில் வண்டி நின்றது. ஆடுகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதியாமல் கடந்து சென்றன.

அப்பா நேரே கோவில்பட்டிக்குத் திருப்பினார். "தம்பி, நான் மறந்தாலும் அது மறக்கக் கூடாது. அப்படி ஏதாவது செய்யி" என்றார். பிரேக் விளக்கின் கம்பியிலிருந்து ஒரு ரிலே வைத்தார்கள். இப்போது பிரேக்கில் கால் பட்டவுடன் பூட்டுக்கான மின்சாரம் தானாக அறுபடும். இந்த ரிலே இல்லாமல் யாரும் இப்படிச் செய்யவே கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். கணினி நன்றாக இருக்கும் வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

சனிக்கிழமைகளில் நான் முன்னிருக்கையில் அமர்ந்து செல்கிறேன். தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் ஏறி, வேகம் எழுபதைத் தாண்டியதும் "தாயி, பூட்டு" என்பார் அப்பா. நான் சுவிட்சைத் தட்டுவேன். வேகம் மாறாமலே இன்ஜினின் சுற்று மட்டும் இருநூறுக்கு மேல் இறங்கும்; இரைச்சல் தணியும். பாலம் ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் எடுத்துவிட வேண்டும், அப்போது எண்ணெய் தரும் கூடுதல் இழுவை தேவை. நம் கரிசல் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்குவதால் கிராமச் சாலைகள் அலை அலையாகக் கிடக்கின்றன. அங்கே காலை வைத்து எடுத்து ஓட்டுவதால் பூட்டுப் போட்டால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், தகடும் தேயும். ஆகவே நாகலாபுரம் பக்கம் சுவிட்சையே தொடுவதில்லை.

ஐந்து மாதங்கள் ஆகின்றன. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்த கார் இப்போது பதினொன்றரை கொடுக்கிறது. ஞாயிறுதோறும் ஆயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, அப்பா என்னிடம் நீட்டுவார். சென்ற வாரம் பார்த்தபோதும் சிவப்புதான். மாசியில் வத்தல் வரத்துத் தொடங்கிவிடும். அதற்குள் டயர் இரண்டும் மாற்ற வேண்டுமாம்.