இசையினூடே ஒரு முரல்வு

இசைக்கருவியில் எழும் வேண்டா ஓசைகளுள் என்னால் பொறுக்க இயலாதது, வண்டு முரல்வதுபோல் இடையறாது ஒலிக்கும் தாழ்ந்த ஓசையே. கரகரவென்னும் ஒலி வந்து வந்து போகும். இதுவோ பாட்டு நின்ற பின்னும் நிற்பதில்லை. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைந்து மீள்வது. அவ்வலைவே இசைக்குள் புகுந்து முரல்கின்றது.

அது புகுந்த வழியை அறிய, எங்கள் வீட்டு ஒலிபெருக்கியோடு இணைந்த கருவிகளை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, மீண்டும் இயக்கிக் கேட்டேன். அனைத்தையும் கழற்றிய பின்னும் ஓசை கேட்டிருப்பின் ஒலிபெருக்கியையே ஐயுற்றிருப்பேன். கணினியின் கம்பியைக் கழற்றியதும் அஃது அடங்கிற்று! கணினி ஒரு சுவரிலும் ஒலிபெருக்கி எதிர்ச்சுவரிலும் மின்சாரம் பெற்றன. இரண்டிற்கும் தனித்தனியே நிலத்தொடர்புக் கம்பி உண்டு. இசைக்கம்பியும் இரண்டையும் பிணைத்தமையால் ஒரு வளையம் உண்டாயிற்று. அவ்வளையத்தில் ஓடிய சிறு மின்னோட்டமே முரன்றது. இரண்டையும் ஒரே பலகையில் அருகருகே செருகினேன், ஓசை மறைந்தது.

நண்பர் ஒருவர் இதனினும் எளிய வழி கூறினார். செருகியின் நிலக்கம்பியை வெட்டிவிடலாம் என்றார். வெட்டினால் ஓசை அடங்கும்; மெய்யே. ஆயினும், உள்ளே ஒரு கம்பி தளர்ந்து உலோகப் பெட்டியில் படுமாயின், 230 வோல்ட்டு மின்சாரம் நிலத்தை அடைய வேறு வழியின்றி, பெட்டியைத் தொடும் குழந்தையின் உடல்வழி ஓடும். மாணவர்களே, உங்கள் வீட்டு மும்முனைச் செருகியை உற்று நோக்குங்கள். நிலத்தொடர்பு முனை மட்டும் நீண்டும் பருத்தும் இருக்கும். செருகும்போது முதலில் பொருந்துவதும், பிடுங்கும்போது இறுதியில் விலகுவதும் அதுவே.