விட்டுவந்த வெள்ளாச்சி



எங்கள் பள்ளிவாசலில் வாரத்துக்கு ஒரு நாள் அஸருக்குப் பிறகு பெண்களுக்கான மார்க்க வகுப்பு நடக்கிறது. திரைக்கு இப்பால் நான் பேசுவேன். கேள்விகள் துண்டுக் காகிதத்தில் வரும். தொழுகை, நோன்பு, நகைக்கு ஸகாத் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அன்று வந்த துண்டில், "எங்கட பூனையை அடுத்த வீட்டார் தங்கட பூனை என்று சொல்கிறார்கள். மார்க்கப்படி யாருக்குச் சொந்தம்?" என்று எழுதியிருந்தது. நான் வாசித்ததும் திரைக்கு அப்பால் சிலர் சிரித்தார்கள். பூனைக்கும் பத்வாவா என்ற சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் இதுதான். அந்தச் சகோதரி மகளின் சாதாரண தரப் பரீட்சைக்காகக் குடும்பத்தோடு புத்தளம் போய் இரண்டு வருடம் இருந்தவர். இங்கே முல்லைத்தீவில் மீளக் குடியேறிய எங்களில் பலருக்கும் ஒரு கால் இங்கே, ஒரு கால் புத்தளத்தில்தான். போகும்போது பூனையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பூனை வேலி தாண்டியது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மீன் தலையும் சோறும் வைத்து வளர்த்தார்கள். அங்கேயே மூன்று குட்டிகளும் போட்டது. இவர் திரும்பி வந்து, பூனையைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அழ, தாய்மார் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இரண்டு வீடு!

சகோதரிகளே, இதற்கு நான் பதில் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு ஆட்டின் கதையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மஸ்அலாவை நான் அரபுக் கல்லூரியில் ஓதுவதற்கு முன்னமே ஓதியவன்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் தண்ணீரூற்று. எங்களிடம் வெள்ளை நிறத்தில் ஒரு மறி ஆடு இருந்தது. வெள்ளாச்சி என்று பெயர். நான் பாடசாலை விட்டு வரும்போது படலையடியில் நிற்கும். அன்று உம்மா கயிற்றோடு அதை வேலிக்கு அப்பாலிருந்த தமிழ் மாமியிடம் கொடுத்து, "பார்த்துக்கொள் பிள்ளை, வந்திடுவம்" என்றார். மாமி கயிற்றை வாங்கிக்கொண்டார். பிறகு கொஞ்சத் தூரம் உழவு மெஷினில், மிச்சம் நடை. வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். கிடுகுக் கொட்டிலில் முதல் இரவு நான் அழுதது வீட்டுக்காக அல்ல, ஆட்டுக்காக.

உம்மா சொன்ன 'வந்திடுவம்' பலிக்க இருபத்தொரு வருடமாயிற்று.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கண்டெடுத்த பொருளைப் பற்றிப் பிக்ஹு நூல்களில் 'லுகதா' என்று தனிப் பாடமே உண்டு. வழி தவறிய பிராணிகளைப் பற்றி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதை ஸைத் இப்னு காலித் (ரழி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஒட்டகம் தானே தண்ணீர் தேடிப் போகும், மரத்தில் மேயும். அதனால் அதை விட்டுவிடச் சொன்னார்கள். ஆடு அப்படியல்ல, நீ எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார், அல்லது ஓநாய் எடுத்துவிடும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஆனால் கவனியுங்கள், இது சொந்தக்காரர் யாரென்று தெரியாத பிராணிக்கு. இன்னாருடைய பூனை என்று தெரிந்த பின் அது கண்டெடுத்த பொருளே அல்ல.

அப்படியானால் சொந்தக்காரரே விட்டுப் போனால்? இங்கேதான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு. தீனி போட முடியாமல் கைவிடப்பட்ட பிராணியை ஒருவர் எடுத்துப் பிழைக்க வைத்தால் அது அவருக்கே என்ற பொருளில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் இதன்படி, சாகும்படி விடப்பட்ட பிராணி பிழைக்க வைத்தவருக்கே என்கிறார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடத்தில் பிராணி பழைய சொந்தக்காரருக்கு. ஆனால் வளர்த்தவரின் செலவை அவர் கொடுக்க வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பிராணி சொந்தக்காரருக்கே. கேட்காமல் செலவு செய்தவர் நன்மைக்காகச் செய்தவராகவே கருதப்படுவார். குட்டிகளும் தாயைத் தொடர்ந்து சொந்தக்காரரிடமே போகும்.

ஆக, மத்ஹபின்படி துண்டு எழுதிய சகோதரியின் பக்கமே நியாயம். வேண்டுமானால் வாயால் ஒரு சொல் விட்டிருக்க வேண்டும்: "யார் எடுத்தாலும் எடுங்கள்" என்று. அவர் சொல்லவில்லை.

நாட்டுச் சட்டமும் இந்த இடத்தில் ஏறக்குறைய இதையே கேட்கிறது. இலங்கையின் பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம். ஒரு பொருளை இனி வேண்டாம் என்ற எண்ணத்தோடு விட்டால்தான் அது கைவிடப்பட்ட பொருள்; அப்போதுதான் எடுத்தவருக்குச் சொந்தமாகும். பழைய உரோமச் சட்ட நூலிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலின் பாரம் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். கரையொதுங்கிய மூட்டையைக் கண்டவன் எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. எறிந்தவர்கள் உயிர் தப்ப எறிந்தார்கள், வேண்டாமென்று எறியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு 1990உம் நினைவுக்கு வந்தது, 2009உம் நினைவுக்கு வந்தது. 2009இல் கிளிநொச்சியிலிருந்து கடற்கரை வரை தள்ளப்பட்டுப் போன சனம் மாட்டுப் பட்டிகளைத் திறந்துவிட்டுத்தான் போனது. கட்டிவைத்தால் செத்துப்போகும் என்று அவிழ்த்துவிட்டவன் வேண்டாமென்றா அவிழ்த்துவிட்டான்?

அந்த மாடுகள் யுத்தம் முடிந்தபின் காட்டோரம் கட்டாக்காலியாகத் திரிந்தன. மாட்டுக்குக் குறி சுடுவதற்கும் உடைமைத் துண்டுக்கும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இருக்கிறது. குறி தோலில் இருந்தது. துண்டு பதுங்குகுழியோடு போய்விட்டது. யுத்தத்துக்குப் பிறகு பிறந்த கன்றுக்குக் குறியுமில்லை. உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சியில் வழி தவறிய ஒட்டகங்களைப் பற்றி அறிவித்துவிட்டு விற்று, சொந்தக்காரர் வந்தால் விலையைக் கொடுத்தார்கள் என்று இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. அப்படி ஒரு கணக்கு இங்கேயும் இருந்திருக்கக் கூடாதா என்று நினைப்பேன். நிலத்துக்கு மட்டும் 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் தன் காணியை மீட்க நீதிமன்றம் போக முடியாமலிருந்தவருக்கு எதிராக, பத்து வருட ஆட்சி என்ற வாதம் செல்லாது என்ற சட்டம். வழக்குப் போட இரண்டு வருடம்தான் தந்தார்கள் என்பது வேறு விஷயம். ஆடு மாட்டுக்கு அதுவும் இல்லை.

பெரிய நாடுகளிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 2005 ஓகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, பல முகாம்களிலும் பஸ்களிலும் பிராணிகளை ஏற்றவில்லை. நாயையும் பூனையையும் விட்டுவிட்டு அழுதுகொண்டு ஏறியவர்கள் பலர். பின்னர் வந்த தொண்டர்கள் அவற்றை மீட்டு, வேறு மாநிலங்களில் வளர்க்கக் கொடுத்தார்கள். மாதங்கள் கழித்து, "அது என் நாய்" என்று பழையவர் கேட்க, "நான்தானே காப்பாற்றினேன், நீ விட்டுப் போனவன்" என்று புதியவர் மறுக்க, சிலது நீதிமன்றம் வரை போயிற்று. 2006இல் அந்த நாட்டில், மக்களை வெளியேற்றும் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். விட்டுப் போனவன், விடவைக்கப்பட்டவன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எந்தக் காதியாலும் முடியாது.

காதி என்றதும் ஒன்று. ஆடு, பூனை வழக்கைக் காதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். முடியாது; இலங்கையில் அது திருமணம், விவாகரத்து, தாபரிப்பு விஷயங்களுக்குத்தான். இப்படியான சில்லறைப் பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. நாய் வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. நமது மத்ஹபில் நாயை விற்கவோ வாங்கவோ கூடாது. ஆனால் பன்றியும் யானையும் பயிரில் இறங்கும் இந்த வன்னியில் காவலுக்கு வைத்திருப்பவருக்கு அதன்மேல் ஓர் உரித்து உண்டு. இன்னொருவர் பறிக்க முடியாது. அது யாரையும் கடித்தால், "விற்க முடியாத நாய், எனக்குச் சொந்தமில்லை" என்று நழுவவும் முடியாது. விசர்நாய்க்கடி ஊசியை வருடாவருடம் போட்டுவிடுங்கள். ஆடு அயல் வீட்டுத் தோட்டத்தில் மேய்ந்தால், பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் ஆட்டைக் கட்டிவைப்பது ஆட்டுக்காரர் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்த்துவைத்தார்கள்.

சரி, வெள்ளாச்சி.

2011இல் உம்மாவோடு ஊருக்குத் திரும்பினேன். எங்கள் வளவு பற்றைக் காடு. மாமியின் குடும்பமும் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்து, தறப்பாள் கொட்டிலில்தான் இருந்தது. தலை முழுவதும் நரைத்திருந்த மாமி உம்மாவின் கையைப் பிடித்து முதலில் சொன்னது, "ராத்தா, உங்கட ஆட்டைப் பற்றிச் சொல்லோணும்" என்றுதான். வெள்ளாச்சி ஏழு தரம் குட்டி ஈன்றதாம். மறிக்குட்டிகளை வைத்துக்கொண்டு கிடாய்களை விற்றாராம். முதல் இரண்டு கிடாயின் காசைப் புத்தளத்துக்கு யாரிடமாவது கொடுத்தனுப்ப ரின்னில் போட்டு வைத்தாராம். பாதை திறக்கவில்லை. மகனுக்குக் காய்ச்சல் கடுமையாக வந்தபோது அந்தக் காசில்தான் மருந்து வாங்கினாராம். வெள்ளாச்சியின் பேத்திகளை 2009இல் கயிற்றை அறுத்து விட்டுவிட்டு ஓடினாராம்.

நான் அப்போது பட்டம் வாங்கி அதிக காலமாகாத மௌலவி. ஒப்படைத்த அமானிதத்தை உத்தரவின்றி விற்றால் ஈடு கொடுக்க வேண்டும்; தீனிச் செலவைக் கேட்பதென்றால் காதியின் அனுமதியோ சாட்சியோ இருக்க வேண்டும்; ஓடும்போது அறுத்துவிட்டதற்குப் பொறுப்பில்லை. இப்படி மனதுக்குள் கணக்குப் போட்டேன். மறைக்கவில்லை சகோதரிகளே, எத்தனை கிடாய் என்றுகூட எண்ணினேன்.

உம்மா அழத் தொடங்கினார். ஆட்டுக்காக என்று நினைத்தேன். இல்லை. "பிள்ளை, நீதான் என்னை மன்னிக்கோணும்" என்றார் மாமியிடம். எனக்குப் புரிந்துவிட்டது. புத்தளக் கொட்டிலில் எத்தனையோ வருடம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்ர ஆட்டை அவள் அந்தக் கிழமையே அடிச்சுத் தின்றிருப்பாள்" என்று உம்மா சொல்லியிருக்கிறார். நானும் கேட்டு, நம்பி, கூட்டாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். மாமிக்கு அது எதுவும் தெரியாது. உம்மா அதைத் தன் வாயாலேயே சொன்னார். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் வேற ஆளாயிருந்தால் அப்பிடித்தான் நினைச்சிருப்பன் ராத்தா" என்றார்.

அடுத்த மாதம் மாமி எங்கேயோ கடன் பட்டு ஒரு மறிக்குட்டியைக் கொண்டுவந்து கட்டினார். உம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. சொன்னால் அவர் மனதில் பாரம் இருந்துவிடும் என்று வாங்கிக்கொண்டார். அது ஈன்ற முதல் குட்டி வேலிக்கு அப்பால் போயிற்று. அது ஈடா, அன்பளிப்பா, கடன் அடைத்ததா என்று உம்மா என்னிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். உம்மா 2017இல் மௌத்தாகிவிட்டார்.

பூனைக் கேள்விக்கு அடுத்த வகுப்பில் பதில் சொன்னேன். மத்ஹபின்படி பூனையும் குட்டிகளும் திரும்பி வந்தவருக்கே என்றேன். பூனையை விலை பேசுவதை வெறுத்து ஹதீஸ் வந்திருப்பதால் காசு கொடுத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். பிறகு ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்: கதவைப் பூட்டும்போது பூனை என்ன தின்னும் என்று நினைத்தீர்கள்? திரைக்கு அப்பால் சத்தமில்லை. பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், வெளியே போய்த் தேடித் தின்னவும் விடாமல் சாகவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. வீடு முழுக்கப் பூனையாலேயே தகராறு என்று பிறகு கேள்விப்பட்டேன். சாக்கில் கொண்டுவந்த பூனை மறுநாள் சுபஹுக்கு முன்னமே குட்டிகளிடம் ஓடிவிட்டதாம். திரும்பப் பிடிக்க, திரும்ப ஓட, நாலைந்து நாள்.

சில வாரம் கழித்துப் பாடசாலை மைதானத்தில் நாய், பூனைகளுக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட வந்திருந்தார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தச் சகோதரியும் தள்ளி நின்றார். அட்டை எழுதியவர், "உரிமையாளர் பெயர்?" என்று கேட்டார். மூத்த பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தச் சகோதரியின் பெயரைச் சொன்னது. அட்டையை அவர் வாங்கிக்கொண்டார். பூனை கூடையோடு பிள்ளைகளின் வீட்டுக்குப் போயிற்று.