பதில் வராத கணினி

மூன்று கணினிகளை ஒரு டேட்டாபேஸ் கிளஸ்டராக இணைக்கும்போது, ஒவ்வொன்றின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் மற்ற இரண்டின் பெயரையும் ஐ.பி. முகவரியையும் எழுதுவேன். குறித்த நொடிகளுக்குள் ஒன்று பதில் சொல்லாவிட்டால், மற்ற இரண்டும் பெரும்பான்மையாகி அதை விலக்கிவிடும். இல்லாவிட்டால் ஒரே தரவுக்கு இரண்டு கணக்கு ஆகிவிடும். விலக்கப்பட்டது செத்திருக்கணும்னு இல்லை. நடுவில் கேபிள் அறுந்திருக்கலாம்.

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நான் பெங்களூரில். குடிகாட்டிலிருந்த அம்மாவுக்கு இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் யாருடைய போனிலிருந்தோ அம்மாவே கூப்பிட்டாங்க: “கரண்டுதாண்டா இல்ல. நான் இங்கதான இருக்கேன்.”

இப்போதும் டைம்அவுட் மதிப்பை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். கிளஸ்டருக்குப் பத்து நொடி போதும். அந்த இரண்டு நாளும் நான் அதே எண்ணைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.