மொத்த வியாபாரியாய் இருந்த மாணவன்

எமது கல்லூரியிற் பயின்ற காலத்தில் பிறநாட்டு மாணவரோடு எமக்கிருந்த தொடர்பு முத்திரை மாற்றிக் கொள்வதோடு அமைந்துவிட்டது. அரசினர் திணைக்களமொன்றின் களஞ்சியத்திற் பல்லாண்டு கடமையாற்றி இளைப்பாறிய பின்னர், கொள்வனவும் விநியோகமும் பயிலும் மாணவர் சிலருக்கு வகுப்பு நடத்தும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவ்வழியே 2022 மார்ச்சு மாதத்து மாலையொன்றில், ஜேர்மனி, மலேசியா, இலங்கை ஆகிய முந்நாட்டு மாணவரும் இணையவழி கூடி ஆடிய ஆட்டமொன்றுக்கு நாமும் மேற்பார்வையாளராய் அமர்ந்தோம்.

ஆட்டத்தின் பெயர் ‘பியர் விளையாட்டு’. எமது பழைய தமிழாசிரியர் கேட்டிருப்பின் காதைப் பொத்தியிருப்பார்! அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், ஜே பொறஸ்ரர் என்பாரின் குழுவினர் வகுத்தது அது. குழுவுக்கு நால்வர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகத்தர், ஆலைக்காரர். ஒருவரோடொருவர் பேசலாகாது, கட்டளை மட்டுமே அனுப்பலாம். கட்டளை போய்ச்சேர இரு வாரம். சரக்கு வந்துசேர மேலும் இரு வாரம். மிஞ்சியிருக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் வாரந்தோறும் அரை டொலர் செலவு. கொடுக்க இயலாது நிலுவையான பெட்டிக்கு ஒரு டொலர்.

எம் மாணவனொருவன் கிளிநொச்சியிலிருந்து மொத்த வியாபாரியாய் ஆடினான். நாடெங்கும் மின்வெட்டு நிலவிய காலம் அது. 15 ஆம் வாரத்தளவில் அவன் பெயர் திரையினின்று மறைந்தது. சற்றுப் பொறுத்துக் கைத்தொலைபேசி வழியாக மீண்டான். ஆட்டம் முடிவதற்குள் அக்குழுவின் கடை வெறுமையாகிப் பின்னர் எங்கணும் சரக்கு மலையாய்க் குவிந்துவிட்டது. பேச்சுத்தடை நீங்கியதும் மற்றை மூவரும் அவனையே சாடினர். நாமும், அந்நியர் முன்னிலையில் நாட்டின் மானத்தைக் காப்பதாய் எண்ணி, “தம்பி, இன்னுங் கவனமாய் இருந்திருக்கலாம்” என்றோம். அவன் மறுமொழி பகரவில்லை.

அதன் பின்னரே நுகர்வோர் கேள்வியின் வரைபு திரையில் வந்தது. முதல் நான்கு வாரமும் 4 பெட்டி; ஐந்தாம் வாரம் 8; இறுதிவரையும் அதே 8. மின்சாரந் தடைப்படாத ஏனைய குழுக்களின் கட்டளைகளும் எம் மாணவன் குழுவினதைப் போலவே அலையாய் எழுந்து விழுந்திருந்தன. திரையில் இருந்த எல்லோரும் வாய்மூடினர். எமக்கோ முகங் கன்றியது.

இவ்வாட்டத்தை ஆராய்ந்து பேராசிரியர் ஜோன் ஸ்ரேர்மன் 1989 இல் எழுதியுள்ளார். ஆடியோர் தம் கட்டளைகளே அலையை எழுப்பியதை உணராது புறத்தேயே குற்றங் காண்பராம். குழந்தைகள் அணையாடையை ஒரே அளவிற் பயன்படுத்தியும் புறொக்ரர் அன்ட் காம்பிள் நிறுவனத்துக்கு வந்த கட்டளைகள் பெரிதும் ஏறியிறங்கியதை, 1997 இல் ஹாவ் லீயும் தோழரும் எடுத்துக்காட்டினர். பிடியிற் சிறிது அசைந்தாலும் நுனி பெரிதாய் வீசுதலால் இதனைச் சாட்டை விளைவு என்பர்.

நாம் இதற்குப் புறம்பானோரா? 1980 களிற் கடதாசி வரத் தாமதித்தபோது அஞ்சி இருமடங்கு கட்டளையிட்டோம். வணிகர்மேல் முறைப்பாடும் எழுதினோம். மறு ஆண்டு களஞ்சியம் நிறைந்த கடதாசியைக் கறையான் தின்றது. அந்த வணிகரிடம் நாம் ஒருநாளும் வருத்தந் தெரிவித்ததில்லை.

மறுநாட் காலை மாணவனைத் தொலைபேசியில் அழைத்து, பலர் முன்னிலையிற் சொன்ன சொல் தவறென்றோம். எரிபொருள் நிலைய வரிசையில் நின்றிருந்தான் போலும். பின்னால் ஒரே இரைச்சல். “பரவாயில்லை சேர்” என்றவன், சற்றே தயங்கி, “மோட்டார்ச் சைக்கிளில் இன்னும் பாதிக்குமேல் பெற்றோல் இருக்கிறது, சேர். ஆனாலும் வந்து நிற்கிறேன்” என்றான்.