வரலன்னா தேடுறாங்க

இன்னிக்கு மருந்து மாத்திரை பத்தி எழுதல. எந்த டாக்டரும் எனக்குக் கத்துக்கொடுக்காத ஒரு விஷயத்தை வெளிநாட்டுல ஒரு சர்ச்சுல டீ கப் துடைச்சுக்கிட்டே கத்துக்கிட்டேன். அதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2022 நவம்பர் கடைசி. இங்கிலாந்துல வேலை பார்க்க நினைக்கிற வெளிநாட்டு டாக்டர்கள் பலரும் எழுதுற தேர்வு பிளாப். அதோட இரண்டாம் பகுதி மான்செஸ்டர் நகரத்துல மட்டும்தான் நடக்கும். தேர்வு ஜனவரியில. தயாராகலாம்னு முன்னாடியே போய், ரஷோல்ம் பகுதியில ஒரு ரூம் எடுத்துத் தங்கினேன்.

அந்தக் குளிர்காலம் அங்கே எல்லாருக்குமே கஷ்டமான காலம். உக்ரைன் போருக்கு அப்புறம் கேஸ், கரண்ட் பில் எகிறியிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம்தான் ஹீட்டர் போடுவார். சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிடும். கூட இருந்த ரூம்மேட் தேர்வு முடிஞ்சு ஊருக்குப் போயிட்டார். ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, சுவரைப் பார்த்து பேஷன்ட்கிட்ட பேசுற மாதிரி பேசிப் பழகுவேன்.

ஆமா, சுவரைப் பார்த்துதான். இந்தத் தேர்வுல பெரும்பாலான அறைகள்ல நோயாளி மாதிரி நடிக்கிறவங்க இருப்பாங்க. 8 நிமிஷத்துக்குள்ள பேசி, நோயைக் கண்டுபிடிச்சு, ஆறுதலும் சொல்லணும். "வீட்டுல யார் கூட இருக்கீங்க?"ங்கிற கேள்வியை மறக்காம கேட்கணும்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணுவோம். கேட்காம விட்டா மார்க் போயிடும்னு பயம்.

ஒரு புதன்கிழமை மழையில நடந்து வரும்போது ஒரு சர்ச் வாசல்ல போர்டு பார்த்தேன். 'வார்ம் ஸ்பேஸ். யார் வேணாலும் வரலாம்.' வீட்டுல ஹீட்டர் போட வசதியில்லாதவங்க வந்து உட்காரட்டும்னு அந்த வருஷம் இங்கிலாந்து முழுக்க சர்ச்சுகள், நூலகங்கள் எல்லாம் இப்படித் திறந்து வச்சிருந்தாங்க.

நான் நெத்தியில விபூதி வைக்கிற ஆளு. கொஞ்சம் தயங்கினேன். குளிரு தயக்கத்தை ஜெயிச்சிடுச்சு. உள்ளே போயிட்டேன்.

பெரிய ஹால். ஓரமா டீ கொதிக்குது. ஈரான்காரங்க ஒரு குடும்பம், நைஜீரியா பசங்க ரெண்டு பேர், ஹாங்காங்ல இருந்து வந்த ஒரு தம்பதி, உள்ளூர் பெரியவங்க சிலர். எழுபது வயசைத் தாண்டின ஒரு அம்மா டீ கொண்டு வந்து கொடுத்தாங்க. ரிட்டயர்ட் நர்ஸ். பேர் என்னன்னு கேட்டாங்க. என் பேர்ல ஒரு 'ழ' இருக்கு. நம்ம ஊர்லயே பாதிப் பேர் வாயில நுழையாது. "எப்படி வேணா கூப்பிடுங்க, பரவாயில்ல"ன்னேன்.

"அது எப்படி? உன் பேர் ஆச்சே"ன்னு சொல்லி, ஒரு துண்டுச்சீட்டுல எழுதச் சொல்லி வாங்கிக்கிட்டாங்க. நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்தாங்க. அப்புறம் சாதாரணமா கேட்டாங்க, "வீட்டுல யார் கூட இருக்க?"

அதே கேள்வி. ஆனா பதில் சொல்ல எனக்குத் தொண்டை அடைச்சுது. ஊரை விட்டு வந்ததுல இருந்து மார்க்குக்காக இல்லாம என்கிட்ட அதைக் கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

அடுத்த புதன் போனேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'ழ' கிட்டத்தட்ட வந்துடுச்சு! ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவாங்களாம், வரச் சொன்னாங்க. நான் எலுமிச்சை சாதம் கிண்டி எடுத்துட்டுப் போனேன். சாப்பிட்டு முடிச்சதும் அந்த அம்மா ஒரு துணியை என் கையில கொடுத்தாங்க. "நான் கழுவுறேன், நீ துடை." அன்னியில இருந்து கப் துடைக்கிற வேலை எனக்கு. அந்த ஹால்ல நான் விருந்தாளியா இருந்தது அதோட முடிஞ்சது.

டிசம்பர் நடுவுல எனக்கு ஃப்ளூ வந்துச்சு. 102 டிகிரி காய்ச்சல். எழுந்து கிச்சன் வரைக்கும் போக முடியல. மூணு நாளா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்குச் சொன்னா அம்மா பயப்படுவாங்கன்னு சொல்லல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடிச்சுது. அந்த அம்மாதான்.

"கப்பெல்லாம் ஈரமா கிடக்கு. நீ எங்க போன?"

விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரத்துல கதவு தட்டுற சத்தம். அந்தச் சர்ச்சுக்கு வர்ற ஒரு மலையாளி நர்ஸ். ஒரு தூக்குல சூடா கஞ்சி, சின்ன டப்பாவுல பயறு. "டாக்டரே, முதல்ல இதைக் குடிங்க"ன்னு சொல்லிட்டு, ஜுரம் பார்த்து, தண்ணி வச்சிட்டு, நைட் டியூட்டிக்குக் கிளம்பிட்டாங்க. கஞ்சி உள்ள போன பிறகு கட்டில்ல உட்கார்ந்து அழுதேன்.

அழுதது அவங்க அன்பை நினைச்சு மட்டும் இல்லை. அங்கதான் எனக்கு எங்க ஊர் சார் ஞாபகம் வந்தார்.

ரிட்டயர்ட் வாத்தியார். மனைவி இல்லை. பிள்ளைங்க வெளியூர். மாசா மாசம் முதல் திங்கட்கிழமை பிபி, சுகர் மாத்திரைக்கு என் கிளினிக்குக்கு வருவார். ஒரு மாசம் வரல. வேற டாக்டர்கிட்ட மாறிட்டார் போலன்னு நினைச்சேன். ரெண்டாவது மாசமும் வரல. அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். பாத்ரூம்ல விழுந்து, இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஒன்றரை நாள் அப்படியே கிடந்திருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பிழைக்கல.

அவர் போன் நம்பர் என் கேஸ் ஷீட்ல இருந்துச்சு. ஆறேழு வருஷமா என்கிட்ட வந்த மனுஷன். மூணு வாரமே பழகின ஒரு அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரலன்னதும் தேடினாங்க. நான் அவரைத் தேடல.

இப்போ கொஞ்சம் மருத்துவம். 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளைப் பார்த்தது. மனித உறவுகள் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது. 2018-ல் பிரிட்டன் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு அமைச்சரிடம் கொடுத்தது. அங்கே டாக்டர்கள் மாத்திரையோடு சேர்த்து, பாட்டுக் குழு, நடைப்பயிற்சிக் குழு, தோட்ட வேலை என்று ஆட்களோடு பழகும் இடங்களுக்கும் நோயாளிகளை அனுப்பி வைக்கிறார்கள். தனிமை ஒரு மனக்குறை மட்டும் இல்லை, உடம்பையும் பாதிக்கும்.

"மதம் மாறச் சொன்னாங்களா?"ன்னு நண்பர்கள் கேட்பாங்க. ஒருத்தர்கூடக் கேட்கல. விபூதி எதுக்குன்னு ஒரு நாள் கேட்டாங்க. சொன்னேன். "ஓ, சாம்பல்! எங்களுக்கும் வருஷத்துல ஒரு நாள் உண்டு"ன்னு சிரிச்சாங்க. அவ்வளவுதான்.

சோறு போடுறதுல நம்ம ஊர் குறைஞ்சது இல்லை. கோயில்ல அன்னதானம் உண்டு, பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி உண்டு. ஆனா வாங்கிட்டுப் போனவர் அடுத்த வாரம் வரலன்னா நாம தேடுறோமா? என்னையே கேட்டுக்கிட்ட கேள்வி இது.

தேர்வுல பாஸ் ஆயிட்டேன். அங்கே வேலைக்குப் போகல, அது வேற கதை. ஊருக்குத் திரும்பினதும் முதல் வேலையா ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். தனியா இருக்கிற பெரியவங்க பேர், நம்பர், அடுத்து வர வேண்டிய தேதி. தேதி தாண்டி மூணு நாள் ஆச்சுன்னா எங்க கிளினிக் சிஸ்டர் போன் பண்ணுவாங்க. எடுக்கலன்னா நான். அப்பவும் எடுக்கலன்னா பக்கத்து வீட்டு நம்பர்.

திட்டும் வாங்கியிருக்கோம். "மகள் வீட்டுக்கு வந்தா நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?"ன்னு ஒரு ஆச்சி சத்தம் போட்டாங்க. திட்டிட்டு, அடுத்த வாரம் முறுக்கு கொண்டு வந்தாங்க! இன்னொருத்தர் வாந்தி பேதியில சுருண்டு கிடந்தார். சர்க்கரை இறங்கி, பேச்சு குழறிட்டு இருந்தது. அன்னிக்குப் போன் போகலன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு.

வாத்தியார் சாருக்கு இது உதவல. அந்த வருத்தம் எனக்குப் போகாது. நோட்டோட முதல் வரியில அவர் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன்.

உங்க தெருவுலயும் தனியா இருக்கிற ஒருத்தர் இருப்பார். தினம் பால் வாங்க வர்றவரா இருக்கலாம், வாக்கிங்ல பார்க்கிறவரா இருக்கலாம். அவர் நம்பரை இன்னிக்கே வாங்கி வச்சுக்கோங்க. ரெண்டு நாள் கண்ணுல படலன்னா போன் பண்ணி, "எங்க போனீங்க, ஆளையே காணோம்?"னு கேளுங்க.